அரளிப் புழுவும் அம்மாவின் பேரும்

எனக்கு எழுபத்திரண்டு வயது, பெற்று வளர்த்தது ஐந்து பேர். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகத்தான் எழுதும். அரளி இலையைக் கிள்ளினால் பால் வடிந்து ஒரு பச்சை வாடை வரும், அது என் விரலில் ஏறின வருசத்தைத்தான் சொல்கிறேன்.

இலங்கை மலைநாட்டில் பெரகலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கோயில் அரளியில் சுண்டுவிரல் தடிமனில் பச்சைப் புழுக்கள் வந்தன, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண், வாலில் ஒரு கொம்பு. திருவிழாவுக்குப் பூ வேண்டும், நசுக்கிப் போடு என்றார் பூசாரி. ஒன்பது வயதுக்காரிக்கு மனம் வரவில்லை; ஏழு புழுக்களைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு போய், மலை முழுக்க இலைதானே என்று தேயிலைச் செடியில் விட்டேன். தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் கங்காணி பார்த்துவிட்டார்.

"ஏ மூக்காயி, ஒம் மக தேயிலைக்குப் புழு விடுறா. நாளைக்குப் பெரட்டுல ஒம் பேரக் கூப்புட மாட்டேன், பாத்துக்க" என்று அம்மாவிடம் சொன்னார். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதுதான் "பெரட்டு". பேர் இல்லாவிட்டால் வேலை இல்லை. அப்பா இல்லாத எங்களுக்கு லயத்து அறையும் மிஞ்சாது. அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

வெளிச்சம் வந்ததும் ஓடினேன். ஒரு தேயிலைகூடக் கடிபடவில்லை. ஆறு புழுக்கள் கீழே எறும்பு மொய்த்துச் செத்துக் கிடந்தன, ஒன்று மட்டும் தண்டில் ஊர்ந்தது. அரளியையும் நந்தியாவட்டையையும் விட்டால் அது வேறெதையும் லேசில் தொடாது என்று அப்போது யார் கண்டார்கள்? அதைக் கொப்போடு ஒடித்து, கோயிலில் ஓர் அரளிக் கொப்பையும் ஒடித்துக்கொண்டு, பெரட்டுக்கு நடுவில் போய் நின்றேன். கங்காணிக்கு முன்னால் தேயிலைக் கொழுந்தைப் புழுவிடம் காட்டினேன், புழு திரும்பிக்கொண்டது. அரளியை வைத்தேன், கறுக் கறுக்கென்று தின்றது.

"கங்காணி ஐயா மாதிரிதான் இதுவும். கண்ணக் காட்டி மெரட்டும், கடிக்காது" என்றார் பக்கத்து அறை ராக்கு அக்கா. பெண்கள் சிரித்தார்கள். கங்காணிக்கும் மீசைக்குள் சிரிப்பு வந்தது. பிறகு தொண்டையைச் செருமி, "மூக்காயி" என்று கூப்பிட்டார். அம்மா என்னைப் பார்க்காமலே கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினார்.

அந்த ஒன்றை அரளியிலேயே விட்டேன். பழுப்பாகி, சருகுக்குள் கூடாகி, பச்சையும் ரோசாவுமான அந்துப்பூச்சியாகப் பறந்திருக்கும். மற்ற ஆறையும் தேயிலையில் விட்டு எறும்புக்குக் கொடுத்தது நான்தான்.

இப்போது அந்த அரளி இல்லை, மலை காடேறிவிட்டது, அன்று சிரித்த பெண்களில் ஒருவரும் இல்லை. ஆனாலும் கிளினிக்கில் பேர் வாசித்தால், என் பேர் வரும்வரை எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்காது.

ரோஷினி, இங்கே வா பேத்தி, எழுதினதை வாசித்துக் காட்டு. மூக்காயி என்று வருகிற இடத்தில் மட்டும் சத்தமாக வாசி.