வளர்பிறையில் வெட்டிய மூங்கில்

நான் எட்டாவதோடு நின்றவள். அப்பா செத்த வருஷம் அது. தம்பி படித்தான். கீழே டவுனில் அரசுக் கல்லூரியில் தாவரவியல். முதல் வருஷம் முழுக்க அழுதுகொண்டே போனான், அழுதுகொண்டே வந்தான். நான் திரும்பத் திரும்ப நினைப்பது அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷங்களை. இரண்டாவது முழு வருஷம். மூன்றாவதில் பாதிதான்.

இரண்டாம் வருஷத்தில் அவனுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. விடுதியில் அவனை மிளகு என்று கூப்பிட்டார்களாம். விடுதிக் குழம்பில் உறைப்பே இல்லை என்பான். அதனால் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம், சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் பஸ் ஏறுவதற்குள் ஒரு பொட்டலம் மிளகை அவன் பையில் திணித்துவிடுவேன். காட்டுக்கு வந்தால் கண்ணில் பட்ட செடியையெல்லாம் பிடுங்கிப் பேப்பருக்கு நடுவே வைத்துக் காயவைப்பான். மாடு தின்பதையெல்லாம் தன் மகன் நோட்டில் ஒட்டுகிறான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அம்மா சிரித்த காலம் அது.

எங்கள் மிளகுக் கொடிகள் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கின்றன. பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. பக்கக் கிளைகளைக் கணு ஓரமாகக் கட்டை விட்டு வெட்டினால் அந்தக் கட்டைகளே படி. அந்த மூங்கிலைத் தேய்பிறையில்தான் வெட்டுவோம். வளர்பிறையில் வெட்டினால் வண்டு துளைத்துவிடும். எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தப் பொங்கல் லீவுக்கு அவன் வந்திருந்தபோது பழைய ஏணி உடைந்துவிட்டது. மிளகு பழுத்து நின்றது. எல்லார் காட்டிலும் ஒரே சமயத்தில் பழுப்பதால் கூலிக்கு ஆள் கிடைக்காது. அவனுக்கு இன்னும் மூன்று நாள்தான் லீவு. நான் கொடுவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் தயங்கிக்கொண்டே பின்னால் வந்தான்.

"அக்கா, இப்ப வளர்பிறைக்கா. வேண்டாம்."

"காலேஜ் படிக்கிறவன் பிறை பாக்கறயா? போய்ச் சொல்லு உங்க வாத்தியார்கிட்ட, சிரிப்பாரு."

"அவரே சொன்னாருக்கா. மூங்கில்ல மாவு இருக்குமாம், அதத் திங்கத்தான் வண்டு வருது. வெட்டறதுன்னா வெட்டு. ரெண்டு வாரம் ஓடையில ஊறப்போட்டுட்டு அப்பறம் எடுக்கலாம்."

"ரெண்டு வாரம் கழிச்சு யாரு சாமி ஏறுவா? உங்க வாத்தியாரா?"

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு வந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டான். நான் வெட்டினேன். பச்சை மூங்கில் பாரமாக இருந்தது, ஆனால் தாங்கியது. மூன்றே நாளில் அத்தனை மரத்தையும் அவன் பறித்து முடித்தான். அவனைப் போல ஏற எங்கள் ஊரில் ஆள் கிடையாது. கொடியில் ஓர் இலை உதிராது. அதற்கப்புறமாவது அதை ஓடையில் போட்டிருக்கலாம். தாழ்வாரத்தில் செருகி வைத்தேன்.

ஐப்பசி வாக்கில் தாழ்வாரத்துக்குக் கீழே மாவு கொட்ட ஆரம்பித்தது. சலித்த கேழ்வரகு மாவு மாதிரி, மஞ்சளாக. காலையில் கூட்டினால் சாயங்காலம் மறுபடி கொட்டிக் கிடக்கும். அது என்னவென்று எனக்குத் தெரியும். கனத்த மூங்கில், இன்னும் ஒரு பருவம் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டித் தள்ளினேன்.

மூன்றாம் வருஷம் அவன் வருவது குறைந்தது. கடைசி செமஸ்டர், ரெக்கார்டு எழுதவேண்டும், லீவு எடுத்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்றான். போனில் நான்தான் விடவில்லை. ரெண்டே நாள் வந்துவிட்டுப் போ, அம்மாவால் முடியவில்லை என்றேன். அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவனைப் பார்க்கவேண்டும் போல எனக்குத்தான் இருந்தது.

வந்தான். பேண்ட்டை முட்டிவரை மடித்துவிட்டுக்கொண்டு, மிளகு பறிக்க அதே மூங்கிலில் ஏறினான். வண்டு துளைத்ததை அவனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். முதல் மரம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது, ஒன்றும் ஆகவில்லை. சொல்லாமல் விட்டேன். மூன்றாவது மரத்தில் மூங்கில் நடுவே முறிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கீழே கல்வரப்பு. வண்டி பிடித்து, வளைவு வளைவாக இறங்கி, பாதி மலை போவதற்குள் என் மடியிலேயே அவன் போய்விட்டான்.

ஊருக்குக் கொண்டுவந்து போட்டபோது யாரும் ஏணியைப் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கு வெந்நீர் வைக்கவேண்டும் என்றார்கள். நான் காட்டுக்குப் போய் உடைந்த இரண்டு துண்டையும் இழுத்துவந்து அடுப்பில் வைத்தேன். உள்ளே சல்லடையாக இருந்தது. காகிதம் மாதிரி எரிந்தது.

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"பேனா புடிச்சவனுக்குக் காலு எப்படி மரத்துல நிக்கும்? மூணு வருசமாக் காலேஜு, காலேஜுன்னு பழக்கம் உட்டுப்போச்சு."

அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். காலேஜ்தான் தன் மகனைத் தின்றது என்று அழுதாள். நான் வெந்நீரை மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் அவனுடைய சிநேகிதர்கள் நாலு பேர் விடுதியில் இருந்த அவன் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். உள்ளே பாதி எழுதிய ரெக்கார்டு நோட்டு இருந்தது. கிளம்பும்போது ஒருவன் மட்டும் நின்றான்.

"அவன் எப்படிங்க்கா உளுந்தான்? மரம் ஏறறதப் பத்தி எங்ககிட்ட அவ்ளோ பெருமை பேசுவானுங்களே."

கால் வழுக்கிவிட்டது என்றேன். என் தம்பிக்குக் கால் வழுக்கும் என்று என் வாயால் சொன்னேன்.

இந்த வருஷம் சித்தப்பா மகள் பன்னிரண்டாவது பாஸ் பண்ணினாள். அதே கல்லூரிக்குப் போகவேண்டும் என்றாள். சித்தப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவனைப் பார்த்தும் புத்தி வரவில்லையா, படித்தவர்கள் மலைக்கும் ஆகாமல் கீழேயும் ஆகாமல் போவார்கள் என்றார். அவள் என்னிடம் ஓடிவந்தாள்.

"நீ சொன்னா அப்பா கேப்பாருக்கா. ஒரு வார்த்த சொல்லுக்கா."

அன்றைக்கு மத்தியானம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வளர்பிறை, வண்டு, மாவு, அடுப்பு, எல்லாம். அம்மா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. உரித்த கிழங்கையெல்லாம் கழுவி உலையில் போட்ட பிறகுதான் பேசினாள்.

"இத யாருகிட்டயும் சொல்லாத கண்ணு."

"அந்தப் புள்ள படிப்பும்மா."

"எம் மகனத் தின்னது காலேஜுன்னே இருக்கட்டும். நீன்னு தெரிஞ்சா நான் உங்கூட ஒரே ஊட்டுல எப்படி இருப்பேன்?"

தெரிந்துதானே போயிற்று. அதை நான் கேட்கவில்லை. எப்போதும் ஒரே தட்டில் போட்டு இரண்டு பேரும் கிழங்கு தின்போம். அன்றைக்கு அம்மா எனக்குத் தனியாக வைத்தாள். இன்றுவரை தனியாகத்தான் வைக்கிறாள்.

நான் சித்தப்பா வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளை இன்னும் இரண்டு முறை வந்தாள். இரண்டாம் முறை உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். விண்ணப்பம் போடும் தேதி முடிந்தது. கீழே நூல் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று சித்தப்பா அவளைச் சேர்த்துவிட்டார். போன திங்கட்கிழமை காலையில் மில் வண்டி வந்தது. நான் ரோட்டோரக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டி நின்றது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை.