சைலன்சரில் போட்ட நான்கு ஓட்டை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததற்கு மறு வருஷம், சின்னமனூருக்கு மேலே மலையில் நடந்தது இது. அங்கே தேயிலை போடுவதற்காகக் காடு திருத்திக்கொண்டிருந்தார்கள். மிலிட்டரியில் கழித்துவிட்ட பெட்ரோல் ரம்பம் ஒன்றை ஓட்டுவதற்கு, கம்பத்தில் லாரி மெக்கானிக்காக இருந்த என்னை எஸ்டேட் துரை வரவழைத்திருந்தார். ரம்பம் ஆள் நீளத்துக்கு இருக்கும். இன்ஜின் பக்கம் ஒருவர், எதிர்முனைப் பிடியில் ஒருவர் என்று இரண்டு பேர் பிடிக்க வேண்டும். எதிர்முனைக்கு என் மனைவியின் தம்பியைக் கூட்டிப்போனேன். கைவாளில் மரம் அறுத்துப் பழகியவன்.

இன்ஜினுக்கு இழுவை போதவில்லை. புகை வெளியேற முடியாமல் திணறுகிறது என்று, சைலன்சரைக் கழற்றி உள்ளே இருந்த தகடுகளைப் பிடுங்கிவிட்டு நான்கு ஓட்டையும் போட்டேன். மலையே அதிர்ந்தது. துரை முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மச்சினன் மட்டும், "மச்சான், இந்தச் சத்தத்துல மரம் முறியுறது காதுல விழாது" என்றான்.

"நீ பிடியப் பிடி மாப்ளே. மிசினு என் பாடு" என்று வாயை அடைத்தேன்.

புகை தாராளமாகப் போனால் காற்றும் கூடுதலாக உள்ளே வரும். அதற்குத் தக்கபடி கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். சும்மா ஓடும்போது குறை தெரியாது. மரத்தைக் கடிக்கும்போதுதான் இன்ஜின் இருமி இருமி அடங்கும். அதனால் அறுத்துக்கொண்டே திருப்புளியால் ஸ்குரூவைத் துளித்துளியாகத் திருப்பினேன்.

மூன்றாவது மரத்தில் பாதி போயிருப்போம். இன்ஜின் சீராகிக்கொண்டே வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவன் வாய் திறந்து திறந்து மூடுகிறது. 'பொறு' என்று கையைக் காட்டிவிட்டு மறுபடியும் ஸ்குரூவுக்குக் குனிந்தேன்.

மரம் உள்ளே உளுத்திருந்தது. அடி பிளந்து அவன் பக்கமே சாய்ந்தது. அவன் ஓடியிருக்கலாம். பிடியை விட்டால் ரம்பம் என் மேல் எகிறும் என்று அவனுக்குத் தெரியும். விடவில்லை.

டோலி கட்டி மலை இறக்கினோம். வழியில் ஒரே ஒரு தடவை கண் திறந்தான்.

"கத்துனேன்ல மச்சான்?"

"கேக்கல மாப்ளே" என்றேன். பொய்யில்லை. ஆனால் அவன் கத்தியதைப் பார்த்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அடிவாரம் வருவதற்குள் போய்விட்டான்.

உளுத்த மரத்துக்கு யார் என்ன செய்ய முடியும் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். மூன்றாம் நாள் என் மனைவியே, "அவன் விதி அம்புட்டுத்தான். நீங்க சாப்பிடுங்க" என்று எனக்குச் சோறு போட்டாள். நானும் சாப்பிட்டேன்.

அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன். விதி என்று சொல்லி அவள் தேற்றிக்கொண்ட மனசைக் கலைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை; அவளோடு சேர்ந்து நானும் அப்படித் தேற்றிக்கொள்ள இன்றுவரை வழியும் இல்லை.