வேன்காரர் கண்ணின் பழைய படம்

எங்கள் கண் ஆஸ்பத்திரி வேனில் வந்த பெரியவர் ஒருவர் வழியிலேயே சீட்டை நனைத்துவிட்டார். எல்லாரும் இறங்கின பிறகும் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வேன்காரர் உள்ளே ஏறினார். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கை நழுவின மாதிரி பெரியவர் மடியிலும் சீட்டிலும் கொட்டினார். "அடச்சே, என் கைக்கு என்ன வந்துச்சோ. மன்னிச்சுக்கங்க ஐயா, உங்களை நனைச்சுட்டேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டு கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். துடைப்பத்தோடு வாசலில் நின்ற நான் பார்த்தேன். வேன்காரர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் அங்கே கூட்டித் துடைக்கிறவள். வருகிறவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டு உட்காரவைப்பதும் நான்தான். என்னைத் தங்கச்சி என்றுதான் வேன்காரர் கூப்பிடுவார். அவருக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. அப்பா அம்மா போன பிறகு தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தார். அந்தத் தம்பிக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கண்ணைப் படம் எடுக்கிற வேலை கிடைத்தது. அன்றைக்கு அவர் ஆண்டவனுக்கு நன்றி சொல்லி அழுததை நான் கண்டேன்.

ஒரு சமயம் புது ஸ்கேன் மெஷின் வந்தது. தாடையை வைத்து, உள்ளே தெரிகிற பச்சை வெளிச்சத்தைப் பார்த்தால் போதும். தொடுவதில்லை, வலிப்பதில்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் காட்டிவிடும். நரம்பு நன்றாக இருந்தால் பச்சை, தேய்ந்திருந்தால் சிவப்பு. சாப்பாட்டு நேரத்தில் எங்களையெல்லாம் உட்காரவைத்துத் தம்பி அதில் கை பழகினான்.

"என் மண்டைக்குள்ள இருக்கிறதெல்லாம் தெரியுமாப்பா?" என்றார் வாட்ச்மேன்.

"இருந்தாத்தானேய்யா தெரியும்" என்றார் வேன்காரர். சிரித்துக்கொண்டே தானும் போய் உட்கார்ந்தார்.

தம்பி கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "அண்ணன் கண்ணு பளிங்கு" என்றான். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

தம்பிக்கு அப்போதே ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய அப்பா கண் அழுத்த நோயில் பார்வை போய்ச் செத்தவர். அது பரம்பரையாக வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வீடு வாசல் எதையும் விசாரிக்கவில்லை. "உங்க குடும்பத்துல யாருக்காவது அந்த நோய் உண்டா?" என்று ஒன்றுதான் கேட்டாராம். தம்பி வாய் திறக்குமுன் வேன்காரர் முந்திக்கொண்டு, "எங்களுக்கெல்லாம் கழுகுக் கண்ணுங்க. என் தம்பியே மெஷின்ல பார்த்துச் சொன்னான்" என்றிருக்கிறார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தம்பி தனிக்குடித்தனம் போனான்.

வருஷம் ஓடியது. இடது பக்கம் வைத்த டீ கிளாஸை வேன்காரர் அடிக்கடி தட்டிவிட்டார். ஆஸ்பத்திரி கேட் தூணில் வேன் உரசியது. "டாக்டரம்மாகிட்ட ஒருதரம் காட்டுங்கண்ணே" என்பேன். "எழுத்து அட்டையில கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன் தங்கச்சி. என் தம்பி சொன்னதுக்கு மேல என்ன இருக்கு?" என்பார். அந்த நோய் நேர்ப் பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும், ஓரத்தைத்தான் முதலில் தின்னும் என்பது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒருநாள் காலையில் ஓரமாக நின்ற தள்ளுவண்டியில் வேனை இடித்துவிட்டார். யாருக்கும் அடி இல்லை, ஆண்டவன் காப்பாற்றினான். டாக்டரம்மா அவரைக் கையோடு உள்ளே அழைத்துப்போனார். அன்றைக்குத் தம்பி லீவு. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின் உண்டு. அதில் முகத்தை வைத்து, நடுவிலேயே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். புள்ளிகள் வந்து போவது டாக்டரம்மாவின் கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது. பொத்தான் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேன்காரர், "ஆரம்பிச்சாச்சாம்மா?" என்று கேட்டார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். மெஷின் தன்னாலேயே அவருடைய பழைய படத்தையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. "முன்னாடியே எடுத்திருக்கா? அப்பவே சிவப்பா இருக்கே. அன்னைக்கே மருந்து விட்டிருந்தா இவ்வளவு போயிருக்காது. போனது இனி வராது, மிச்சத்தைத்தான் காப்பாத்தணும்" என்றார் டாக்டரம்மா. வேன்காரர் அந்தப் பழைய படத்தைப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். யார் எடுத்தது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "ஞாபகம் இல்லம்மா" என்றார்.

மறுநாள் தம்பி வந்ததும் படம் எடுக்கிற அறைக்கே போனார். நான் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

"கல்யாணம் முடியட்டும், சொல்லிடலாம்னுதான் இருந்தேண்ணே."

"முடிஞ்சுதேடா."

"அப்புறம் மாமனாருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு... எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

வேன்காரர் குரலை உயர்த்தவில்லை. "நீ சொல்லியே இருக்க வேணாம். தூசிக்கு மருந்துன்னு பொய் சொல்லியாவது தினம் ஒரு சொட்டு என் கண்ணுல விட்டிருக்கலாமே. நீ விட்டா நான் எதுக்குன்னு கேட்டிருப்பேனாடா?"

தம்பி மெஷினின் தாடைக் கட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வேன் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டார். வேறு ஊரில் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போவதாக என்னிடம் மட்டும் சொன்னார். நான் தினமும் கும்பிடும்போது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வேண்டுகிறேன். தம்பிக்கு வேண்டும்போது மட்டும் வாய் சொல்கிறது, மனசு வர மாட்டேன் என்கிறது.

அன்றைக்குப் பஸ் ஏறுமுன் வேன்காரரை பெஞ்சில் உட்காரவைத்து நானே மருந்து விட்டேன். கண்ணை மூடியபடியே சொன்னார்: "ஒரே ரத்தம் தங்கச்சி. அவன் கண்ணையும் டாக்டரம்மாகிட்ட காட்டச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே. நான் எங்க இருக்கேன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடு."