ஒடுக்கு விழுந்த குடம்

போன வாரம், இப்போது நான் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் எந்திரத்தைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். பேனா மாதிரி ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் முக்கினார். அதில் எண் ஏறிக்கொண்டே போயிற்று. "இந்தத் தண்ணியயா மேடம் குடிச்சிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டு, ஏதோ நானே உப்பை அள்ளிப் போட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தார். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்திருந்த வெள்ளைக் காரையைச் சுரண்டிக் காட்டினார். அந்தச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், மனசு காஞ்சிபுரத்து வீட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டது.

நான் திருமுக்கூடல்காரி. எங்கள் ஊரில் ஆற்று மணலைக் கையால் தோண்டினாலே தித்திப்பாக ஊற்று வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்த புதிதில், குளிக்கும்போது சோப்பு நுரைக்கவே இல்லை. மாமியார் வீட்டில் மட்டமான சோப்பு வாங்குகிறார்கள் என்று அம்மாவிடம் கோள் சொன்ன புத்திசாலி நான். கோளாறு கிணற்றுத் தண்ணீரில் இருந்தது. அதில் சோப்பு திரிதிரியாகத் திரிந்து முடியில் ஒட்டும். துவரம்பருப்பைப் போட்டால் மத்தியானம் வரை கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும்.

நல்ல தண்ணீர் என்றால் தெருக்குழாய்தான். பாலாற்றுத் தண்ணீர் விடிகிற நேரத்தில் கொஞ்சம் வரும், நின்றுவிடும். எங்கள் வீட்டின் பின்கட்டில் சாயப்பட்டறை. அதனால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: பிடித்து வைத்த குழாய்த் தண்ணீர் முதலில் பட்டுக்கு, மிச்சமிருந்தால் மனிதர்களுக்கு. நான் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பட்டு நூலைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே பட்டேன்.

குழாயடி என்றால் சண்டையும் உண்டுதானே. எதிர்வீட்டு சரோஜா அக்கா வரிசையைத் தாண்டிக் குடம் வைத்துவிட்டாள் என்று, அத்தை, அதாவது என் மாமியார், அந்தப் பித்தளைக் குடத்தைக் காலால் எத்திவிட்டார். அது உருண்டுபோய்க் கல்லில் மோதி, இடுப்பில் பெரிதாக ஒடுக்கு விழுந்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சரோஜா அக்கா அந்த ஒடுக்கு எங்கள் வாசலைப் பார்க்கும்படி குடத்தைக் கவிழ்த்து வைப்பாள்.

அப்போது என் நாத்தனார் விஜயாவுக்கு மாகறலில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். கூறைப் புடவைக்குப் பட்டு அவர்கள் வாங்கித் தருவது, சாயமும் நெசவும் எங்கள் வீட்டில் என்று பேச்சு. அந்தப் பட்டு நூலில் இயல்பாக இருக்கும் பசையை எடுப்பதற்காக, என் கணவர் ஒருநாள் காலையில் கொப்பரையில் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தடபுடலாகச் சமையல் நடந்தது. முன்கட்டில் இலை போட்டாயிற்று.

பட்டு வெந்து, அலசுவதற்காக என் கணவர் பின்கட்டில் டிரம்மைத் திறந்தார். காலி.

"இதுல இருந்த நல்ல தண்ணி எங்கம்மா?"

அத்தை கையில் சாம்பார்க் கரண்டியோடு நின்றார். "பருப்பு வேகணுமேப்பா. சம்பந்தி எலையில கல்லையா வெக்கச் சொல்ற? டிரம்மு ரெண்டு இருக்குதுன்னு நெனச்சிக்கினு விஜயாவ மொண்டாரச் சொன்னேன்."

என் கணவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கெணத்துத் தண்ணியில அலசினா சோப்பு நூல்லயே படிஞ்சிடும்மா. செவப்பு திட்டுத்திட்டா நிக்கும். கொப்பரையிலயே உட்டா நூல் வெந்து நைஞ்சிடும்" என்றார், முன்கட்டுக்குக் கேட்காத குரலில்.

பட்டு அவர்களுடையது. கூறைப்பட்டு கெட்டது என்று தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும். அபசகுனம் பார்க்கிறவர்கள். விஜயா தூணைப் பிடித்துக்கொண்டு, அழக்கூட பயந்து நின்றாள்.

தெருவில் நெசவில்லாத வீடு சரோஜா அக்கா வீடுதான். அங்கே குழாய்த் தண்ணீர் எப்போதும் மிச்சமிருக்கும். அத்தை கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு நேராகத் தெருவைக் கடந்தார். நான் கரண்டியோடே பின்னால் ஓடினேன்.

"இன்னாம்மா?" என்றாள் சரோஜா அக்கா, வாசற்படியில் நின்று.

"விஜயா கூறைப்பட்டு கொப்பரையில இருக்குது சரோஜா. அலச நல்ல தண்ணி இல்ல."

சரோஜா அக்கா திரும்பி உள்ளே போனாள். எங்கள் பின்கட்டிலிருந்து வெந்த பட்டின் வாடை தெரு வரை வந்தது. கதவைச் சாத்திவிடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

அவள் அந்தக் குடத்தை நிறைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒடுக்கு வெளியே தெரிந்தது. "இதுலதான் தருவேன். நீயே தூக்கிக்கினு போ."

அத்தை அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மறுபடி மறுபடி நடந்தார். சாப்பிட்ட கையைக் கழுவ வாசலுக்கு வந்த சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டார். "இன்னாங்க இது, எதிர்வீட்லேர்ந்து தண்ணி சொமக்கிறீங்க?"

அத்தை எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தார். எதிர் வாசலிலிருந்து சரோஜா அக்காவின் குரல்தான் வந்தது. "நாந்தாம்மா எடுத்துக்கினு போவச் சொன்னேன். கூறைப்பட்டு அலச எதிர்வீட்டுத் தண்ணியும் சேரணும். எங்க தெரு வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் கிடையவே கிடையாது. ஆனால் சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த குடத்தை வழிமறித்துத் தானும் ஒரு கை பிடித்தார். பட்டு பிழைத்தது, அரக்குச் சிவப்பு திட்டில்லாமல் ஏறியது, விஜயா கல்யாணமும் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கூறைப்பட்டானாலும் எதிர்வீட்டிலிருந்து ஒரு குடம் வந்துவிடும்.

பாத்திரம் ஒடுக்கெடுக்கிறவர் தெருவில் வந்தபோது அத்தை அந்தக் குடத்தைக் கேட்டார். சரோஜா அக்கா தரவில்லை. "இருக்கட்டும்மா. ஒடுக்கெடுத்துட்டா நீ மறந்துடுவ."

இரண்டு பேரும் இப்போது இல்லை. காஞ்சிபுரத்தில் அந்த எதிர்வீட்டை இடித்து அடுக்குமாடி வந்தாயிற்று. அந்த வழக்கம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. எந்திரத்தைச் சரிசெய்து முடிக்கும்வரை குடிக்க வேறு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் போன வாரம் பழுது பார்க்க வந்தவர். இங்கே என் வீட்டுக்கு எதிர்க் கதவு வரை போய் நின்றேன். அந்த வீட்டில் இருப்பவர் பெயர் எனக்குத் தெரியாது. திரும்பி வந்து கடைக்குப் போன் செய்து ஒரு கேன் கொண்டுவரச் சொன்னேன்.