அக்கா எனக்குத் தராத பொறுப்பு

அக்கா கண்மூடி ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களும் நண்பர்களும், தம்பி அக்காவை வாயாரப் புகழ்ந்திருப்பான் என்றுதான் நினைப்பீர்கள். புகழத்தான் போகிறேன். ஆனால் கோபத்தை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

நத்தம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, திண்டுக்கல்லுக்கு வாழ வந்தவர் அக்கா. மாமா திடீரென்று போய்விட்டபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை. நாலு ஜாடி மாவடு போட்டு, கடை கடையாக அவரே தூக்கிச் சென்றார். அன்று முதல் கூடவே நின்றவன் நான். வேன் ஓட்டினேன், மூட்டை சுமந்தேன். தோப்பில் காய் பார்ப்பது, உப்புப் பக்குவம், கடைக்காரர்களிடம் பேச்சு எல்லாம் அக்கா ஒருவரே. ஒருநாள் ஊறுகாய் டிரம்முக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார்.

உடம்பு தேறியதும் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். மாங்காய் வாங்கும் பொறுப்பை முதலில் எனக்குத்தான் தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தோப்பில் நின்றபடி, “அக்கா, காய் கொஞ்சம் பெருசா இருக்கு, எடுக்கவா? காம்பு உதிர்ந்திருக்கு, வேணாமா?” என்று மூட்டைக்கு மூட்டை போன் போட்டேன். அக்காவைக் கேட்காமல் எதையும் செய்யாததுதான் மரியாதை என்று இருந்தேன்.

“ஏலே, இதுக்கு நானே அங்கிட்டு வந்து நின்னிருப்பேனே! உனக்கும் கண்ணு இருக்குல்ல?” என்று கத்தினார்.

மறுவாரமே அந்த வேலை மேரிக்குப் போய்விட்டது. மேரி எங்களிடம் பாட்டில் கழுவ வந்தவர். முதல் லோடிலேயே பாதிக் காய் அழுகல். அக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. “விடு, அடுத்த தடவ பாத்து எடுப்பா” என்று என்னிடம் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. உப்புப் பக்குவத்தையும் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அதே வேன் சாவிதான்.

பொய் சொல்லக் கூடாது, தொழில் வளர்ந்தது. பழனி, கொடைரோடு வரை சரக்கு போனது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் தொழிலையே விலைக்குக் கேட்டு வந்தாராம்.

“நீங்க இல்லாம இது ஓடுமாங்கம்மா?” என்றார்.

“போன மாசம் பூரா நான் வீட்டுலதான் கெடந்தேன். ஊறுகா உங்க கைக்கு வந்துச்சுல்ல?” என்றார் அக்கா.

அந்தப் பதிலுக்காகவே நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. மேரிதான் பொறுப்பாளர். எனக்கும் பங்கு கொடுத்தார் அக்கா, அதில் குறையில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் கழித்து, அதுவும் மேரி சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். இருபது வருடம் கூட நின்றவனுக்கு இது துரோகம் இல்லையா? நேரில் போய்க் கேட்டேன்.

“சொல்லிருந்தா விக்க விட்டிருப்பியா? நீ இருந்தா எல்லாரும் உன்னயக் கேப்பாங்க. நீ என்னையக் கேப்ப. நான் எப்பத்தான்டா ஓயறது?” என்றார்.

மூன்று மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் ஓடினேன்.

மூச்சுக்குக் குழாய் போட்டு வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அழைத்துப் போவதா என்று டாக்டர் கேட்டார். அக்காவுக்கு நினைவு இல்லை. வழக்கம்போல, “மேரி, நீ சொல்லு” என்றேன்.

“நான் மாட்டேண்ணே. நெனவு தப்புறதுக்கு முன்னாடியே உங்களத்தான் கேக்கணும்னு சொல்லிட்டாங்க. ‘அவன் என்ன சொன்னாலும் சரி’ன்னாங்க.”

வீட்டுக்கு என்றேன். மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா போய்விட்டார்.

வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும், செபம் சொன்ன பங்குத்தந்தைக்கும், முறை வைத்துச் சமைத்துப் போட்ட ஊறுகாய்க் கூடத்துப் பெண்களுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக மேரிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா, நான் செய்தது சரிதானா? கேட்க நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்களே, இது நியாயமா?