படம் ஒரு நொடி நிற்கும் இடம்

நண்பனின் அக்கா கல்யாண வீடியோவை இரட்டை அடுக்கு டிவிடியில் எழுதிக்கொண்டிருந்தேன். பருத்திப்பட்டில் அக்காவின் மாமியார் வீட்டில் இன்னும் டிவிடி பிளேயர்தான். முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும்போது படம் ஒரு நொடி உறைந்து நிற்கும். எங்கே நிற்க வேண்டும் என்று நாம்தான் குறிக்க வேண்டும். மென்பொருள் தானாகக் காட்டிய இடத்தில் மாமனார் வடையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அவரு வாயத் தொறந்துகினு நின்னாருன்னா, அக்காவ நம்ம ஊட்டுக்கே அனுப்பிருவாங்கடா!" என்று நண்பன் அலறினான்.

முன்னால் நகர்த்தினால் தாலி முடிச்சு. பின்னால் நகர்த்தினால், மேடையில் மாப்பிள்ளை வீட்டார் போட்டோவுக்கு விறைத்து நின்றார்கள். அங்கேயே குறித்தேன்.

மறுநாள் அவர்கள் வீட்டில் படம் சரியாக அங்கே நின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"பாத்தியா, எங்க ஆளுங்க எப்படி ஆடாம அசையாம நிக்கிறாங்க!" என்றார் மாமியார்.