கொலுவில் மறுக்கப்பட்ட சுண்டல்

ஊதுபத்தி வாசனை வந்தாலே என் நெற்றிப்பொட்டு துடிக்கும். அந்த நவராத்திரி திரும்பி வரும்.

உடம்பு இளைத்தால் ஒற்றைத் தலைவலி ஓடிவிடும் என்ற நாத்தனாரை நம்பி, மயிலாப்பூரில் அவள் வீட்டுக் கொலுவுக்குப் பட்டினியோடு போனேன். ஊதுபத்திப் புகையில், பாட்டின் நடுவே வலி வெடித்தது, கண் கூசியது.

"வாயைக் கட்டணும் மன்னி" என்று சிரித்தவள், எல்லோருக்கும் சுண்டல் தந்தாள். எனக்கு வெறும் வெற்றிலை பாக்கு.

தலைவலிக்காகப் போய்ப் பார்த்தும் நான் காதில் வாங்காத அடையாறு டாக்டரின் பேச்சு அப்போதுதான் உறைத்தது. "கொழுப்பும் ஹார்மோன் சுரக்கும்மா. அதுக்கும் மைக்ரேனுக்கும் தொடர்பு இருக்கலாம். உங்க குத்தமில்ல. எடையை மெதுவா குறைப்போம். பட்டினி கிடந்தா வலிதான் கிளம்பும்."

இந்த உடம்புக்காக எத்தனை வீடுகளில் தலைகுனிந்திருக்கிறேன்! போதும். கிளம்பி வாசல்வரை வந்தவள், செருப்பை மாட்டாமல் நாத்தனாரிடம் திரும்பினேன்.

"என் சுண்டலை எடுத்துண்டு வாடி. சாப்பிட்டுட்டுதான் கிளம்புவேன்."